தரங்கம்பாடியில் இரண்டு நாட்கள்

 

நந்திதுர்க்கத்திலே பிறந்து வளர்ந்த நமக்குக் கடல் என்பது கேள்விப்பட்ட பொருள். பூமிக்கடியிலே மைல் கணக்கில் இறங்கிய நம் முன்னோருள் பலர் கடலைக் காணாமலே கண்மூடினர். அக்குறையைத் தீர்த்துக்கொள்ளவே சென்ற தைத் திங்களில் நாங்கள் ஐவர் தரங்கம்பாடிக்குப் புறப்பட்டோம். மாரிக்குப்பம் வண்டியிலே பங்காருப்பேட்டை. அங்கிருந்து சேலம், திருச்சி, தஞ்சை வழியாக மயிலாடுதுறை. அவ்வூரிலிருந்து தரங்கம்பாடிக்கு 1926-ல் இருப்புப்பாதை திறந்தார்கள். 1986-ல் வண்டியை நிறுத்திவிட்டார்கள். எஞ்சிய தொலைவைப் பேருந்திலே கடந்தோம். இரயில்வேச் சோறு உண்கின்ற எங்களுக்கு அது சற்று உறுத்தவே செய்தது.

1792-ல் கட்டிய வெண்ணிற நகர வாயிலைக் கடந்தால் நேரே கடல் தெரிகின்றது. தெருவின் இருமருங்கும் பருத்த தூண்களும் அகன்ற தாழ்வாரங்களும் உடைய பழைய மாளிகைகள். 1706-ல் இங்கு வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு தமிழ் கற்று, அச்சுக்கூடம் வைத்துத் தமிழ் நூல்களை அச்சிட்டார். 1718-ல் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயத்திலே அவர் அடக்கமாகியிருக்கிறார்.

பொன் தோண்டிய குடிகளாகிய நமக்கென்றே ஒரு செய்தி உண்டு. 1620-ல் தஞ்சை இரகுநாத நாயக்கர் டென்மார்க்கு அரசருக்கு எழுதிய திருமுகம் ஓலை வடிவான பொற்றகட்டிலே, தமிழிலே பொறிக்கப்பட்டது. இன்றும் அது கோபன்கேகன் ஆவணக் காப்பகத்திலே இருக்கிறது. நம்மவர் வெட்டிய பொன்னெல்லாம் எங்கெங்கோ போயிற்று. அந்தத் தகடோ எழுத்தோடு இருக்கிறது!

அவ்வாண்டு தொடங்கிய டேன்ஸ்போர்க் கோட்டை கடலை நோக்கி நிற்கின்றது. கீழே பண்டசாலைகளும் சிறையும். மேலே வளைந்த கூரையுடைய அறைகள். அவை இப்பொழுது அருங்காட்சியகம். சீனத் தேநீர்ச் சாடிகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கின்றனர். 1845-ல் டேனியர் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் சேராம்பூரையும் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றுச் சென்றனர். நாகப்பட்டினத்துக்கு இருப்புப்பாதை வந்தபின் இங்கே வாணிகம் தேய்ந்தது. ஊர் ஒன்று பிழைப்பை இழப்பது எவ்வாறென்பதை 2001-ல் சுரங்கங்கள் மூடப்பட்ட நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

கோட்டைக்கு வடபால் மாசிலாமணிநாதர் கோயில். 1306-ல், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்திலே எழுந்தது. முன்மண்டபத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது. எஞ்சியதைக் காக்கக் கருங்கற்களைக் குவித்திருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இக்கரையிலே எத்தனையோ உயிர்களைக் கொண்டது. அதே மணலிலே தையிலிருந்து பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றனவாம். வைகாசி, ஆனியிலே கோலா மீன். மீனவர் குப்பத்தருகே ஒரு சிற்றுண்டிச்சாலையிலே சுறாப்புட்டும் நண்டுக் குழம்பும் உண்டோம். கருவாட்டுக் குழம்பிலேயே வளர்ந்த எங்கள் நாவுக்கு, அன்று காலை வலையிலிருந்து வந்த மீனின் சுவை வேறாகவே இருந்தது. எனினும் திரும்புகையில் நால்வர் பையிலும் கருவாடு இருந்ததை மறைப்பானேன்?

எங்களோடு வந்த ஐந்தாமவர் சுரங்கத்திலே இருபத்தைந்தாண்டு உழைத்து ஓய்ந்த பெரியவர். வெயில் ஏறும் வரை முழங்கால் அளவு அலையிலே நின்றார், கூப்பிட்டும் வரவில்லை. பிறகு அருங்காட்சியகத்திலே அந்தச் சாடிகளை வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு, "தம்பி, இவர்கள் தேநீர் குடித்த சாடியைக்கூடக் காசு கொடுத்துப் பார்க்கிறோமே, நம் அப்பன் பாட்டன் பிடித்த விளக்கை எவன் வைத்திருக்கிறான்?" என்றார். எங்களிலே எவருக்கும் விடை வரவில்லை. டேனியர் போய் நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னர், தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினரும் டென்மார்க்கிலிருந்து வந்த அன்பர்களும் கூடி அக்கோட்டையைச் செப்பனிட்டிருக்கின்றனர். நம் சுரங்க வாயிலின் இரும்புக் கோபுரங்களோ துருவேறி நிற்கின்றன.

சங்கத்துப் படிப்பகத்திலே கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி ஒன்று காலியாக இருப்பதைச் செயலாளர் அவர்கள் அறிவார்கள். தலைக்கவசம், பழைய புகைப்படம், சம்பளச் சீட்டு, எதுவாயினும் கொணருங்கள். உரியவர் பெயரும் இறங்கிய சுரங்கத்தின் பெயரும் எழுதி வைப்போம். பெரியவர் தம் விளக்கை நேற்று மாலையே கொண்டுவந்து கொடுத்துவிட்டார்.