சுமைக் குதிரைக்கு ஏற்ற தீவனம்

(அல்லிநகரத்தில் விவசாயிகள் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கறவை மாட்டைப் பற்றிப் பேசாது குதிரையைப் பற்றிப் பேச வந்தது ஏன் என்று சிலர் எண்ணக்கூடும். ஜட்கா வண்டி நம் வீதிகளை விட்டு மறைந்து பல்லாண்டுகள் ஆயின. எனினும் போடிநாயக்கனூருக்கு மேற்கேயும் பெரியகுளத்துக்கு மேலேயும் வண்டிப்பாதை எட்டாத சிற்றூர்கள் இன்றும் உள்ளன. அங்கே காப்பியும் மிளகும் கீழே இறங்குவதும், அரிசியும் உப்பும் மேலே ஏறுவதும் மட்டக்குதிரை, கோவேறு கழுதை இவற்றின் முதுகில்தான். தேர்தல் காலத்தில் வாக்குப்பதிவு இயந்திரமும் குதிரையேறிச் சென்றதுண்டு. டாப் ஸ்டேஷனிலிருந்து குரங்கணிப் பக்கம் தேயிலையை இறக்கிய கம்பிவடம் என்றோ மறைந்து போயிற்று, குதிரை நிற்கிறது. அது படுத்துவிட்டால் ஒரு குடும்பத்தின் வருவாயும் உடன் படுத்துவிடும்.

குதிரை மாடு அன்று. முதலில் மனத்திற் கொள்ள வேண்டியது இதுவே. மாட்டுக்கு நான்கு அறை கொண்ட பெரிய வயிறு. அது அசை போடும். குதிரைக்கோ ஒரே வயிறு, அதுவும் சிறியது. புல்லின் நார் செரிப்பது பின்குடலில். மேலும், குதிரையால் வாந்தியெடுக்க இயலாது. ஒரே வேளையில் தானியத்தை அள்ளிக் கொட்டினால் அது பின்குடலுக்குச் சென்று புளித்துக் கடும் வயிற்றுவலியை உண்டாக்கும். குளம்பின் உட்பகுதி வெந்து நிரந்தரமாக நொண்டவும் கூடும்.

200 கிலோ எடையுள்ள மட்டக்குதிரைக்கு நாளொன்றுக்கு உலர்நிலைக் கணக்கில் 4 முதல் 5 கிலோ தீவனம் போதும். அதில் பாதிக்கு மேல் புல்லாகவே இருத்தல் வேண்டும். சுமை ஏறும் நாட்களில் ஒரு கிலோ அளவு தானியத்தை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுக்கலாம். தின்றவுடன் சுமை ஏற்றலாகாது. ஒரு மணி நேரமாவது பொறுத்திருங்கள். ஓய்வு நாளில் தானியத்தைக் குறையுங்கள். 'உழைக்காத நாளில் நன்றாகத் தின்னட்டும்' என்ற இரக்கமே பல குதிரைகளுக்கு எமனாகிறது.

நம் மானாவாரி நிலங்களில் விளையும் கொள்ளு நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் புரதம் உடையது. ஊறவைத்து வேகவைத்து, ஆறிய பின் வைப்பது நலம். ஆனால் கொள்ளும் தவிடும் மட்டுமே தீவனம் ஆகா. தவிட்டில் மணிச்சத்து மிகுதி, சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. தவிட்டையே பெரிதும் நம்பி வளர்த்தால், உடல் தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுத்துக்கொள்ளும். முகத்தெலும்பு பருத்துக் கால்கள் தளரும். மாட்டுக்கு உகந்த கம்பு நேப்பியர் புல்லையும் கொழுக்கட்டைப் புல்லையும் மட்டுமே நாள்தோறும் போட்டாலும் இக்கேடு நேரும். அவற்றிலுள்ள ஆக்சலேட் என்னும் பொருள் சுண்ணாம்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இதற்கு மாற்று குதிரைமசால். பெயரிலேயே குதிரை இருக்கும் பயிரை மாட்டுக்கு மட்டும் அறுத்துப் போடுகிறோம்! நாள்தோறும் சிறிதளவு குதிரைமசாலோ, காய்ந்த நிலக்கடலைக் கொடியோ சேர்த்தால் போதும். வைக்கோல் வயிற்றை நிரப்புமேயன்றி வலுத்தராது.

பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தை 'மாடு தின்னாவிட்டால் குதிரைக்கு' என்று போடுவோர் உண்டு. அப்பூஞ்சணத்தின் நஞ்சு குதிரையின் மூளையையே அழிக்கும், சிகிச்சை இல்லை. கோழித்தீவனமும் வேண்டாம். அதில் கலக்கும் சில மருந்துகள் கோழிக்கு நன்மை, குதிரைக்கு மரணம். எந்தத் தீவனத்தையும் ஒரே நாளில் மாற்றாமல் ஒரு வாரம் பத்து நாளில் சிறிது சிறிதாக மாற்றுங்கள். வியர்க்க உழைக்கும் குதிரைக்கு நாளுக்கு 25 கிராம் உப்பு தேவை. தூய நீர் எப்போதும் கிடைக்க வேண்டும்.

குதிரை அடிக்கடி விலாவைத் திரும்பிப் பார்த்தாலோ, தரையைக் காலால் பறித்தாலோ, புரண்டாலோ, சாணமிடாதிருந்தாலோ தீவனத்தை நிறுத்தி உடனே கால்நடை மருத்துவருக்குச் சொல்லியனுப்புக. வாயில் கஷாயம் ஊற்றாதீர்கள். அது நுரையீரலில் இறங்கிவிடும்.

மலைப்பாதை தொடங்கும் அடிவாரத்து ஊர்களின் பஞ்சாயத்துகளுக்கு ஒரு வேண்டுகோள். அங்கே ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டுங்கள். அதன் வடிநீர் பாயும் இடத்தில் பத்துப் பாத்தி குதிரைமசால் விதையுங்கள். காப்பிப் பழம் பறிக்கும் பருவம் தொடங்குமுன், கால்நடை மருத்துவர் ஒரு நாள் அங்கே வந்து சுமைக் குதிரைகள் அனைத்தையும் பார்வையிட ஏற்பாடு செய்யுங்கள்.