உபயமும் ஒப்பந்தமும்



செஞ்சிக் கோட்டைக்கு அணித்தாக உள்ள மேல்சித்தாமூரில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியனாக வாழ்ந்து வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவன் ஒருவன் வீடு தேடி வந்தான். "ஐயா, மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் ஓட விரும்புகிறேன். பொருளுதவி வேண்டி இருபது நிறுவனங்களுக்கு எழுதினேன், ஒருவரும் பதில் தரவில்லை" என்று வருந்தினான். கடிதத்தின் நகலைப் படித்தேன். தன் வறுமையையும் அவர்களுடைய கருணையையும் பற்றியே எழுதி, 'தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறேன்' என்று முடித்திருந்தான். எனக்கு நாணம் உண்டாயிற்று. விண்ணப்பம் என்றால் அப்படித்தான் எழுத வேண்டுமென்று அவனுக்குக் கற்பித்தவன் நானே அன்றோ?

பந்தயம் செலவு மிக்கது. வண்டி ஒருபுறம் இருக்க, டயர், சங்கிலி, எரிபொருள், தலைக்கவசம், தோலுடை, நுழைவுக் கட்டணம் என்று செலவு நீளும். ஆகவே புரவலர் இன்றியமையாதவர். ஆனால் கோயில் விளக்கில் 'இன்னார் உபயம்' என்று எழுதுவதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. உபயம் புண்ணியத்துக்கு, இதுவோ இரு சாராரும் பயன் பெறும் ஒப்பந்தம்.

வணிகருக்கு என்ன பயன் என்று கேட்பீர்கள். ஜப்பானியரான சோய்ச்சிரோ ஹோண்டா, மேன் தீவுப் பந்தயத்தில் தம் வண்டிகள் ஓடுமென்று 1954-இல் அறிவித்தார். 1959-இல் அவை முதன்முறை ஓடின. 1961-இல் 125, 250 சி.சி. பிரிவுகள் இரண்டிலும் வென்றன. உலகம் அறியாத பெயரை உலகறியச் செய்தது பந்தயமே. அதனினும் பெரிய பயன் ஒன்றுண்டு. சாலையில் பல்லாண்டுகளில் தெரியவரும் பழுது, பந்தயக் களத்தில் சில மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

நம் நாட்டுக்கு வருவோம். 1953-இல் சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் தோன்றியது. போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் பந்தயங்கள் நடந்தன. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிக் களமே அமைந்தது. டி.வி.எஸ். நிறுவனம் 1982-லேயே தனக்கெனப் பந்தய அணி கண்டது. அவ்வணியைச் சார்ந்த பெங்களூரு வீராங்கனை ஐஸ்வர்யா பிஸ்ஸே, 2019-இல் பாஹா உலகக் கோப்பையின் மகளிர் பிரிவில் வாகை சூடினார். அவருக்குக் கிடைத்த புகழில் அணிக்கும் பங்குண்டு அன்றோ?

இவற்றை எடுத்துச் சொல்லி, "தம்பி, இல்லாததைச் சொல்லிக் கேளாதே; கொடுக்கக் கூடியதைச் சொல்லிக் கேள்" என்றேன். இருவரும் புதிய கடிதம் எழுதினோம். வண்டியில் கடையின் பெயர் எந்த இடத்தில் விளங்கும், எத்தனை பந்தயங்களில் ஓடுவான், பெற்ற பொருளுக்குக் கணக்கு எப்போது தருவான் என்று வரிசையாகக் குறித்தோம். 'வெல்வேன்' என்று மட்டும் எழுத நான் விடவில்லை. நம் கையில் இல்லாததை வாக்களிப்பது பொய்யாகும். மாறாக, 'பொதுச் சாலையில் விரைந்தோட மாட்டேன். தலைக்கவசமின்றி ஏற மாட்டேன்' என்று எழுதச் செய்தேன். திண்டிவனம் சாலையில் அவன் துடுக்காக ஓட்டினால், சட்டையில் உள்ள கடையின் பெயருக்கும் இழுக்கு வருமன்றோ?

பெரிய நிறுவனங்களை விடுத்து, செஞ்சியில் உதிரிப்பாகம் விற்கும் ஒருவரிடம் கடிதத்தை நேரில் கொடுத்தான். அவர் இருமுறை படித்துவிட்டு, ஓராண்டுக்கு டயர் தர இசைந்தார். முதற் பந்தயத்தில் அவனுக்குக் கிடைத்தது ஒன்பதாம் இடம். மறைக்காமல் கணக்கோடு அதையும் எழுதிக் கொடுத்தான். அந்தத் தாளைப் படித்த பிறகே கடைக்காரர் அடுத்த ஆண்டுக்கும் ஒப்புக்கொண்டார்.

செல்வங்களே, நாளை நீங்களும் யாரிடமேனும் உதவி நாடுவீர்கள். கை நீட்டுமுன், அந்தக் கையில் கொடுப்பதற்கு என்ன இருக்கிறது என்று பாருங்கள். நேர்மையேனும் இருக்கும், அதுவே நல்ல முதல்.