எந்தப் புள்ளியைப் பற்றி?

 

நிலையியல் கற்பித்தல் பற்றிய கருத்தரங்குக்குத் தலைமை தாங்கக் கேட்டார்கள். எனக்கு இருபது நிமிடம். அதில் ஒரு சுவரைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். நான் பிழையாகக் கணக்குப் போட்ட சுவர்.

படித்து முடித்த புதிதில் ஒரு கடற்கரைக் கிராமத்தில் மண் தாங்கும் சுவர் ஒன்றுக்குக் கணக்குப் பார்க்கும் வேலை கிடைத்தது. இரண்டு மீற்றர் உயரம். ஒரு பக்கம் நிரப்பிய மணல், மறுபக்கம் கடல். மணலின் எடை கன மீற்றருக்கு 18 கிலோநியூட்டன், பக்க அமுக்கக் குணகம் மூன்றில் ஒன்று என்று எடுத்தால், சுவரின் ஒவ்வொரு மீற்றர் நீளத்திலும் மணல் 12 கிலோநியூட்டன் விசையால் கடலை நோக்கித் தள்ளும். அந்த விசை அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் தாக்கும். பன்னிரண்டை மூன்றில் இரண்டால் பெருக்கினால் எட்டு. அடியைப் பற்றிய திருப்பம் மீற்றருக்கு 8 கிலோநியூட்டன் மீற்றர். அந்த எட்டில் பிழையில்லை. அது எந்தப் பக்கம் திருப்புகிறது என்பதில்தான் பிழை. காவிப் பெருக்கத்தில் தானக்காவியை முதலில் எழுதி விசையை இரண்டாவதாக எழுதவேண்டிய இடத்தில், விசையை முன்னால் எழுதிவிட்டேன். குறி மாறியது. குறியை நம்பி, கம்பியைக் கடல் பக்க முகத்தில் போடச் சொல்லி வரைந்து கொடுத்தேன்.

கம்பி கட்டி முடித்த அன்று மேசனார் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "சேர், மண் இஞ்சால நிண்டு தள்ளினா, சுவர் வெடிக்கிறது மண் பக்கமெல்லோ? கம்பியை ஏன் கடல் பக்கம் போடச் சொல்லியிருக்கு?"

நான் வரைபடத்தைப் பார்த்தேன். பிறகு சுவர் வரப்போகும் கிடங்கைப் பார்த்தேன். பதில் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. மறுநாள் அவரே கட்டை அவிழ்த்து மண் பக்கமாக மாற்றிக் கட்டினார். ஒரு நாள் கூலி என் பையிலிருந்து போனது. அதைவிட மலிவாக எனக்கு யாரும் காவிப் பெருக்கம் கற்பித்ததில்லை.

மேசனார் எதையும் பெருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர் கேட்டது இரண்டே இரண்டு: எங்கே ஊன்றி நிற்கிறது, எந்தப் பக்கமிருந்து தள்ளுகிறது. தானக்காவியும் விசையும் அவைதான், அந்த ஒழுங்கில்தான். நமது பிள்ளைகளிடம் திருப்பம் என்றால் என்ன என்று கேட்டால் மூன்று நிரை, மூன்று நிரலில் ஒரு துணிகோவையை எழுதுகிறார்கள். இரண்டு நிரைகளை இடம் மாற்றினால் குறி மாறும் என்பதும் தெரியும். ஆனால் அது துணிகோவையின் குணம் என்று நினைக்கிறார்கள். சுவரின் குணம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. மூன்றாம் வகுப்பிலிருந்து "மூவைந்தும் ஐம்மூன்றும் ஒன்றே" என்று ஒப்பித்த பிள்ளைக்கு, இங்கே மட்டும் ஒழுங்கு மாறினால் விடை ஏன் மாறுகிறது என்று சொல்லாமல் விட்டால் அது மனனம்தான் பண்ணும். நானும் மனனம் பண்ணியவன்தான்.

மனனம் வேண்டாமென்றால் கிணற்றடித் துலாவிலிருந்து தொடங்கலாம். அதைப் பார்த்திராதவர்கள் இந்த மண்டபத்தில் பாதிப்பேர் இருப்பீர்கள். தண்ணீர்ப் பம்பி வந்த பிறகு பிறந்தவர்கள், உங்களைக் குறை சொல்ல முடியாது. கிணற்றடியில் இரண்டு ஆடுகால், அவற்றுக்கிடையே ஒரு அச்சு, அச்சின்மேல் நீண்ட பனைமரத் துலா. கிணற்றுப் பக்கத்து நுனியில் துலாக்கொடி, கொடியின் முனையில் பனையோலைப் பட்டை. ஒருவர் துலாவின்மேல் ஏறி முன்னும் பின்னும் நடப்பார். கிணற்றை நோக்கி நடந்தால் பட்டை இறங்கும், திரும்பி அடிப்பக்கம் நடந்தால் ஏறும். துலாவின் சொந்த எடையை இப்போதைக்கு விட்டுவிடுவோம். மிதிப்பவர் 60 கிலோ, அச்சிலிருந்து இரண்டு மீற்றரில் நிற்கிறார். கொடி ஐந்து மீற்றரில் தொங்குகிறது. அவர் 24 கிலோ தண்ணீரைச் சமன் செய்வார். இன்னும் ஒரு மீற்றர் பின்னால் போனால் 36 கிலோ. எடை கூடவில்லை. தூரம்தான் கூடியது.

இதில் பிள்ளைகளிடம் கேட்கவேண்டிய நல்ல கேள்வி ஒன்று உண்டு. துலா சாயும்போது இரண்டு பக்கமும் செங்குத்துத் தூரம் குறைகிறது. 30 பாகை சாய்ந்தால் ஐந்து மீற்றர் 4.33 ஆகிறது. அப்படியானால் சமநிலை குலையாதா? குலையாது, இரண்டு மீற்றரும் அதே விகிதத்தில் 1.73 ஆகிவிடுகிறது. துலாவுக்கும் நிலைக்குத்துக்கும் இடைப்பட்ட கோணத்தின் சைன் இரண்டு பக்கத்துக்கும் பொது. இதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை, வரையச் சொன்னால் போதும், பிள்ளையே கண்டுபிடிக்கும்.

ஆனால் துலா ஒரு தளத்துக்குள் ஆடுவது. உயர்தர வகுப்பில் நாம் செய்யும் கணக்கும் ஒரு தளத்துக்குள்தான். அங்கே காவிப் பெருக்கம் கட்டாயமில்லை. விசை, செங்குத்துத் தூரம், வலஞ்சுழியா இடஞ்சுழியா என்பது போதும். வாடை வீசும் நாளில் கொடி பக்கவாட்டில் இழுபடும்போதுதான் கதை மாறுகிறது. அப்போது ஆடுகால் முனகும், அச்சு ஒரு பக்கம் தேயும். துலாவை ஏற்றி இறக்கும் திருப்பம் ஒன்று, அதைப் பக்கமாக முறுக்கும் திருப்பம் இன்னொன்று. இரண்டையும் ஒரே கணியமாகப் பிடிக்கவே காவிப் பெருக்கம் வந்தது. இந்த இடத்துக்கு வரும்வரை துணிகோவையைப் பெட்டிக்குள் வைத்திருங்கள் என்பது என் வேண்டுகோள்.

சொல்லைப் பற்றியும் கொஞ்சம் பேசவேண்டும். நாம் காவி என்கிறோம். தமிழ்நாட்டில் திசையன் என்கிறார்கள். அங்கிருந்து வந்த நண்பர் ஒருவர் என் நூலில் "காவிப் பெருக்கம்" என்ற தலைப்பைப் பார்த்துவிட்டு, ஊரில் துறவிகள் பெருகிவிட்டார்களா என்று கேட்டார். அவருக்குக் காவுதல் என்ற சொல் பழக்கத்தில் இல்லை. இங்கே தண்ணீர் காவுகிறோம், விறகு காவுகிறோம், தோளில் காவுதடி வைத்திருக்கிறோம். இலத்தீனில் வெக்டர் என்ற சொல்லுக்கும் பொருள் சுமந்து செல்பவன் என்பதே. நமது கலைச்சொல் ஆக்கியவர்கள் அதை அறிந்தே செய்திருக்க வேண்டும். திசையன் திசையைச் சொல்கிறது, காவி ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்குப் போவதைச் சொல்கிறது. தானக்காவியைக் கற்பிக்க இரண்டாவது வசதியானது என்பது என் கட்சி. மற்றபடி, அவர்கள் திருப்புத்திறன் என்பதும் நாம் திருப்பம் என்பதும் ஒன்றுதான், சண்டை வேண்டாம்.

சொல்லிலிருந்து வரலாற்றுக்கு வருவோம். கணிதவியலாளர் ஹமில்டன் 1843 ஒக்டோபர் 16ஆம் திகதி டப்ளினில் மனைவியோடு கால்வாய்க் கரையில் நடந்துபோகும்போது, பாலத்தின் கல்லில் கத்தியால் ஒரு சமன்பாட்டைக் கீறிய கதையை எல்லாரும் வகுப்பில் சொல்கிறோம். அவர் கண்டுபிடித்த நாற்கணியத்தில் i யை j யால் பெருக்கினால் k, மாற்றிப் பெருக்கினால் k யின் எதிர்மறை. ஒழுங்கு மாறினால் விடை மாறும் பெருக்கலைத் துணிந்து ஏற்றுக்கொண்டதுதான் அவருடைய சாதனை. அந்த நாற்கணியப் பெருக்கலைப் பிரித்து, எண்ணிப் பெருக்கம் ஒன்று, காவிப் பெருக்கம் ஒன்று என்று நாம் இன்று எழுதும் வடிவத்துக்குக் கொண்டுவந்தவர்கள் அமெரிக்காவில் கிப்ஸும் இங்கிலாந்தில் ஹெவிசைடும். கிப்ஸ் தன் மாணவர்களுக்காக 1881இல் அச்சடித்த குறிப்புகள் 1901இல் அவருடைய மாணவர் வில்சன் கையால் முழு நூலாயின. ஆனால் திருப்பங்களின் கூட்டுத்தொகை விளையுளின் திருப்பத்துக்குச் சமன் என்று வரிஞோன் சொன்னது அதற்கு இருநூறு வருடம் முன்பே. வரிஞோனிடம் காவிப் பெருக்கல் குறி இருக்கவில்லை, வடிவகணிதம் இருந்தது. வரலாற்றில் கை முதலில் வந்தது, குறியீடு பிறகு வந்தது. வகுப்பில் மட்டும் நாம் தலைகீழாக நடத்துகிறோம்.

நம்மவர் ஒருவரையும் நினைத்துக்கொள்வோம். பௌதிகவியலாளர் டிராக்கிடம் ஆராய்ச்சி செய்து, இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்து, பின்னர் மலாயாவிலும் அவுஸ்திரேலியாவிலும் கற்பித்த சி. ஜே. எலியேசர் 1963இல் காவிப் பகுப்பாய்வுக்கு ஒரு சுருக்கமான ஆங்கில நூல் எழுதினார். அதைப்போல ஒன்று, கிணற்றடியில் தொடங்கி, தமிழில் நமக்கு வேண்டும். இங்கே இருப்பவர்களில் யாராவது எழுதினால் முதல் பிரதியை நான் வாங்குவேன்.

இனி நமது மன்னாருக்கு எதிர்க்கரையான தமிழ்நாட்டுக்கு வருகிறேன். தலைமன்னார் பியரிலிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல் ஓடிய காலத்தை இங்கே மூத்தவர்கள் சிலர் நினைவில் வைத்திருப்பீர்கள். அந்தப் பயணத்தில் இராமேஸ்வரம் தீவைத் தாண்டினால் வரும் பாம்பன் பாலம் 1914 பெப்ரவரியில் திறக்கப்பட்டது. அதன் நடுவில் கப்பலுக்கு வழிவிட இரண்டாகப் பிரிந்து எழும்பும் ஷெர்சர் தூக்கு. எத்தனையோ தொன் எடையுள்ள இரும்பை ஆட்கள் நெம்புகோல் பிடித்துச் சுற்றித் திறந்தார்கள். நான் சிறுவனாக இதைக் கேட்டபோது ஆட்களின் புயவலிமை என்று நினைத்தேன். புயவலிமை அல்ல. தூக்கின் பின்பக்கம் வட்டவில்லாக இருக்கும், எழும்பும்போது ஆடும் நாற்காலிபோலப் பின்னோக்கி உருளும். எதிரெடையைக் கூட்டிக் குறைத்து, முழு அமைப்பின் ஈர்ப்புமையத்தையும் அந்த வட்டத்தின் மையத்துக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். உருளும் வட்டம் தரையைத் தொடும் புள்ளி எப்போதும் மையத்துக்கு நேர் கீழே. ஆகவே எடையின் தாக்கக்கோடு எப்போதும் அந்தப் புள்ளியூடாகவே போகும். தொடுபுள்ளியைப் பற்றிய எடையின் திருப்பம், பாலம் மூடியிருந்தாலும் பாதி எழும்பியிருந்தாலும் பூச்சியம். ஆட்கள் தள்ளியது உராய்வையும் காற்றையும்தான்.

இதே பாலத்தின் நுனியைப் பற்றித் திருப்பம் எடுத்துப் பாருங்கள், பயமுறுத்தும் எண் வரும். அதுவும் சரியான விடைதான், ஆனால் யாருக்கும் பிரயோசனமில்லாத விடை. நல்ல பொறியியலாளன் புள்ளியைத் தேடுவான், எண் பிறகு தானாக வரும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீற்றர் நீளத் துண்டு நேராக மேலே போகிறது. எடைக்கு எடை வைத்த ஏற்பாடு, மின்மோட்டர் இழுக்கிறது. அழகான வேலை. ஆனால் வகுப்பில் வரைந்து காட்ட எனக்குப் பழைய பாலம்தான் பிடிக்கும்.

நமது மன்னார்த் தீவின் கரையில் உயர்ந்து நிற்பது காற்றாலை. இலங்கை மின்சார சபையின் தம்பபவனி 2020 டிசெம்பர் 8ஆம் திகதி திறக்கப்பட்டது. முப்பது சுழலிகள், ஒவ்வொன்றும் 3.45 மெகாவாற்று, மொத்தம் 103.5. புதிய கோபுரங்களுக்கு எதிராகத் தீவு மக்கள் 2025இல் வீதிக்கு வந்ததையும் அறிவீர்கள். அந்த வழக்கு நிலையியலால் தீரக்கூடியதல்ல, இன்றைய மேடைக்கும் உரியதல்ல. ஆனால் தீவில் திருப்பம் கற்க இதைவிடப் பெரிய கருவி கிடையாது.

கணக்குக்காக முழு எண்களை வைத்துக்கொள்வோம். அச்சு 90 மீற்றர் உயரத்தில். காற்றின் தள்ளல் 400 கிலோநியூட்டன். அடியைப் பற்றிய திருப்பம் 36,000 கிலோநியூட்டன் மீற்றர். இறக்கைத் தொகுதி கோபுரத்துக்கு நேர் மேலே இல்லை, காற்று வரும் பக்கமாக நான்கு மீற்றர் நீட்டிக்கொண்டிருக்கிறது என்றும் அதன் எடை 600 கிலோநியூட்டன் என்றும் எடுத்தால், அந்த எடை எதிர்ப்பக்கம் 2,400 திருப்பும். மிச்சம் 33,600. காவிப் பெருக்கம் செய்யும் பிள்ளை இரண்டு திருப்பங்களையும் தனித்தனியே யோசிக்கத் தேவையில்லை, ஒரே பெருக்கலில் கழிந்தே வரும். துலாவில் நடப்பவரின் எடையும் தண்ணீரின் எடையும் எதிரெதிராக நின்றதைப் பார்த்த பிள்ளைக்கு மட்டும் அது ஏன் கழிகிறது என்று புரியும்.

இன்னொன்று. சோளகத்தில் காற்று தென்மேற்கிலிருந்து வருகிறது, விசை வடகிழக்கு நோக்கி. திருப்பத்தின் அச்சு அப்போது வடமேற்கைக் காட்டும். காற்று வடகிழக்கிலிருந்து வரும்போது எல்லாம் தலைகீழ், அச்சு தென்கிழக்கைக் காட்டும். வருடத்துக்கு இரண்டு முறை குறி மாறும் அடித்தளம் அது. என் சுவரைப்போல ஒரு முகத்தில் மட்டும் கம்பி போட்டுத் தப்பமுடியாது. இத்தகைய கோபுரங்களின் அடித்தளத்தைப் பெரும்பாலும் வட்டமாகவோ பல்கோணமாகவோ அமைப்பதற்கு இது ஒரு காரணம்.

பிற்பகலில் பேருந்து நடுக்குடாப் பக்கம் போகிறது. மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். கோபுரம் தெரியும் இடத்தில் இறங்கி, காற்றை முதுகில் வாங்கி நில்லுங்கள். வலக்கை விரல்களை மேல்நோக்கி நீட்டி, காற்று போகும் பக்கமாக மடக்குங்கள். பெருவிரல் உங்கள் இடப்பக்கம் காட்டவேண்டும், எந்தக் காற்றானாலும். காட்டவில்லையென்றால் விசையை முன்னால் எழுதிவிட்டீர்கள். வெட்கப்பட வேண்டாம், ஒரு நாள் கூலியோடு போகும்.

கருத்தரங்கைத் தொடக்கிவைக்கிறேன். முதலாம் அமர்வின் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.