தும்மலுக்குக் காரணம் பஞ்சா, பூவா?



பனியன் கம்பெனிக்குப் போகிறவர் தும்மினால், "பஞ்சுத் தூசிதானுங்க" என்று முடித்துவிடுகிறோம். வேலியோரத்துப் பார்த்தீனியத்தையும் சீமைக் கருவேலத்தையும் யாரும் சந்தேகப்படுவதில்லை. அவற்றின் மகரந்தத் தூளும் தும்மல், கண் அரிப்பு, இளைப்பு கொண்டுவரும்.

காற்றில் வருவது எந்தப் பூவின் தூள்? மைக்ரோஸ்கோப்பில் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பது பழைய முறை, நாளாகும். இப்போது ஒளியே காட்டிக்கொடுக்கிறது. புற ஊதா விளக்கின் கீழ் வெள்ளை பனியன் துணி நீலமாக ஒளிர்வதைச் செக்கிங்கில் இருப்பவர்கள் பார்த்திருப்பீர்கள். மகரந்தமும் அப்படி ஒளிரும். செடிக்குச் செடி அந்த ஒளி வேறுபடும். இன்ன செடியுடையது என்று தெரிந்த தூள்களை ஆயிரக்கணக்கில் காட்டிக் கம்ப்யூட்டரைப் பழக்குகிறார்கள். பிறகு புதுத் தூளை அதுவே இனம் பிரிக்கும். துகளின் படத்தோடு ஒளிர்வையும் அளக்கும் தானியங்கிக் கருவிகள் சுவிட்சர்லாந்தில் 2023 முதல் நாடு முழுக்க வேலை செய்கின்றன. ஆனால் காட்டாததை அது அறியாது. நம்மூருக்கு வந்தால் பார்த்தீனியத்தையும், வெளுப்பு மருந்து ஏறி ஒளிரும் பஞ்சு இழையையும் சேர்த்தே பழக்க வேண்டும்.

இப்போதைக்கு நீங்களே கருவி! லீவு முடிந்து வேலைக்குப் போன முதல் நாள் நெஞ்சு இறுகினால் பஞ்சைச் சந்தேகியுங்கள். லீவு நாளிலும், பூக்கும் பருவத்தில் மட்டும் தும்மினால் மகரந்தத்தை. நாளைக் காலண்டரில் குறித்து, ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் காட்டுங்கள். கர்ப்பிணிகள் இளைப்பு மருந்தைத் தாமாக நிறுத்தவே கூடாது. அம்மாவுக்கு மூச்சு முட்டினால் வயிற்றுப் பிள்ளைக்கும் பிராணவாயு குறையும்.