கதையைக் காணும் கண்



“இக்கதையைச் சொல்லுபவர் யார்?” என்று வகுப்பிற் கேட்டால், பிள்ளைகள் உடனே நூலாசிரியர் பெயரைச் சொல்வார்கள். எழுதியவர் வேறு, கதைக்குள்ளே பேசும் குரல் வேறு என்று உணர்த்துவதே இப்பாடத்தின் முதற்படி. தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது புதிதன்று. சங்க அகப்பாடல்களுடன் தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்னும் குறிப்புகள் உண்டு. பாடியவர் கபிலராயிருப்பார், பேசுபவள் தோழியாயிருப்பாள். அந்தக் ‘கூற்று’ என்னும் சொல்லையே சிறுகதைக்கும் கொண்டுவந்தாற் போதும்.

அடுத்தது, தன்மையும் படர்க்கையும். ‘நான்’ என்ற சொல் கண்ணிற் பட்டதும் தன்மைக் கூற்று என்று எழுதிவிடுவது மாணவர் வழக்கம். உரையாடலில் எல்லாப் பாத்திரங்களும் ‘நான்’ என்றுதானே பேசுவர்? ஆகவே, மேற்கோட் குறிக்குள் உள்ளவற்றை விரலால் மறைத்துவிட்டு, எஞ்சிய வாக்கியங்களை மட்டும் படிக்கச் சொல்வேன். அங்கும் ‘நான்’ நின்றால் அது தன்மை.

இனி, சொல்லுபவருக்கு எவ்வளவு தெரியும் என்பதைப் பார்க்க வேண்டும். வ. வே. சு. ஐயரவர்களின் ‘குளத்தங்கரை அரசமரம்’ என்ற கதையில் மரமே பேசுகிறது. மரம் இடம்விட்டு நகராது. குளக்கரையில் நடப்பதைத்தான் அது நேரிற் காணும். மற்றவற்றை அங்கு வருவோர் பேச்சிலிருந்தே அறியும். “மரம் எதைக் கண்டது? எதைக் கேள்விப்பட்டது?” என்று இரண்டு பத்தி இட்டு எழுதச் செய்தால், பத்து இலக்கணங்கள் விளக்காததை அது விளக்கிவிடும்.

படர்க்கையில் எழுதுவதனாலேயே ஒரு கதை எல்லாருக்கும் பொதுவாகிவிடுவதில்லை. இராமகாதை இராமேசுவரத்துப் பிள்ளைகளுக்குப் பழகிய கதை. புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’ அகலிகையின் பக்கம் நின்று அதைக் காணும்போது, அவர்கள் அறிந்த நிகழ்ச்சியே வேறு பொருள் தருகிறது. “நாம் யாருடைய மனத்துக்குள் நுழைகிறோம்?” என்பதே இங்குக் கேட்கவேண்டிய வினா.

பயிற்சிக்கு ஊரைவிட்டு வெளியே போகவேண்டுவதில்லை. 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தில், 2022-இல் இரயில் நிற்கும்வரை, கப்பல் வந்தால் நடுப்பகுதியை ஆட்களே கைவிசையால் தூக்குவர். இரயிலிற் காத்திருக்கும் பயணி, கப்பலோட்டி, விசை சுழற்றும் தொழிலாளி ஆகிய மூவர் கூற்றாகவும் அந்த நேரத்தை எழுதச் செய்வேன். ஒருவர் சலிப்பு, ஒருவர் அச்சம், ஒருவர் தோள்வலி என்று மூன்று கதைகள் பிறக்கும்.

இதனினும் கடினமான பயிற்சி ஒன்றுண்டு. 2009-இல் போர் ஓய்ந்தபின் வட இலங்கை மீனவர் மீண்டும் கடல்மேற் சென்றனர். நம் விசைப்படகுகளின் இழுவைமடி தங்கள் வலைகளை அறுக்கிறது என்பது அவர்கள் முறையீடு. இலங்கை 2017-இல் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடுத்தது. நம் மீனவர் கைதாகின்றனர், படகுகளை இழக்கின்றனர். ஓர் இரவை நம் மீனவர் கூற்றாகவும், மன்னார் மீனவர் கூற்றாகவும் எழுதும்படி ஒருமுறை பணித்தேன். தந்தை அக்கரைச் சிறையிலிருந்த மாணவன் ஒருவன் இரண்டாவதை எழுத மறுத்தான். நான் வற்புறுத்தவில்லை. மூன்றாம் நாள் அவனே கொணர்ந்தான். “இந்த வலையும் கடன்பட்டு வாங்கியதே” என்று மன்னார் மீனவர் அதிற் பேசியிருந்தார்.

அவன் தன் தந்தையின் வழக்கை விட்டுக்கொடுக்கவில்லை. எதிர்க்கரையிலும் வட்டி கட்டும் வீடு ஒன்று உண்டு என்பதைக் கண்டுகொண்டான். தேர்வில் இதற்குக் கிடைப்பது இரண்டு மதிப்பெண்ணாக இருக்கலாம். ஆனால் நாளை ஒரு வதந்தி கடற்கரையில் பரவும்போது, “இதைச் சொல்லுபவர் யார்? அவர் காணாதது எது?” என்று அவன் கேட்பான். பெற்றோர்களே, இன்றிரவு நீங்கள் சொல்லும் கதையிலேயே இக்கேள்வியைத் தொடங்கலாம்.