ஈய எழுத்தும் கட்டளைச் சொல்லும்

கணித நூலொன்றை அச்சிடுவது முன்னாளில் அச்சகத்தாருக்குப் பெருஞ் சோதனையாகவே இருந்தது. கதைப் புத்தகத்தின் வரி நேரே ஓடுவது. கணிதத்தின் வரியோ ஏறும், இறங்கும். பின்னத்திலே மேலும் கீழுமாகப் பிரியும். தொகையீட்டுக் குறியின் தலையிலும் காலிலும் சிற்றெழுத்துக்கள் ஒட்டிக்கொள்ளும். இவற்றை ஈயத்திற் கோத்தெடுக்கக் கைதேர்ந்த தொழிலாளர் வேண்டும். அவர்க்குக் கொடுக்கக் காசும் வேண்டும்.

அமெரிக்காவிலே, ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் குனூத், கணினி நிரலாக்கக் கலை பற்றி ஏழு பாகங்களில் ஒரு நூல் எழுதத் திட்டமிட்டவர். 1968 முதல் 1973 வரை மூன்று பாகங்கள் ஈய எழுத்தில் அழகுற வெளிவந்தன. 1977 இல் இரண்டாம் பாகத்தின் மறுபதிப்புக்குரிய அச்சுப்படிகள் அவர் கைக்கு வந்தபோது, அவை புதிய ஒளியச்சு முறையிற் கோக்கப்பட்டிருந்தன. எழுத்தின் வடிவும் இடைவெளியும் அவருக்குச் சகிக்கவில்லை. வேறொருவராயின் கடிந்து ஒரு கடிதம் எழுதி ஓய்ந்திருப்பர். குனூத்தோ நூலை ஒதுக்கிவைத்து, பக்கம் கோக்கும் நிரலொன்றைத் தாமே ஆக்க முனைந்தார். சில மாதங்களில் முடியுமென எண்ணிய வேலை ஏறத்தாழப் பத்தாண்டுகளை விழுங்கிற்று.

அந்நிரலின் பெயர் டெக். கலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். எழுத்தைப் பார்த்து 'டெக்ஸ்' என்பது பிழை. அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் என்பார் 1980 களில் எழுப்பிய லேடெக்கே இன்று பெரிதும் வழங்குவது.

இதில் எழுதுவோர் திரையிலே வடிவம் வரைவதில்லை, சொல்லால் ஏவுகின்றனர். பின்சாய்கோடும் பின்னத்துக்குரிய கட்டளையும் இட்டு, இரு சோடி நெளிவு அடைப்புக்களுள் தொகுதியையும் பகுதியையும் எழுதினாற் போதும். கோட்டின் நீளத்தையும் எழுத்தின் பருமனையும் நிரல் தானே அளந்துகொள்ளும். சமன்பாடுகளுக்குப் பெயரிட்டு அப்பெயராற் சுட்டியிருப்பின், இடையிலே புதிதொன்று புகும்போது எண்களெல்லாம் தாமே திருந்தும். வரிகளை முறிக்கும்போதும் ஒவ்வொன்றாகப் பாராது, பந்தி முழுவதையும் நோக்கியே டெக் முறிக்கும். நல்ல அச்சுக்கோப்பாளரின் கண் அது.

குறையும் உண்டு. ஓர் அடைப்பு விடுபட்டாற் பக்கம் அமையாது. விளங்காத பிழைச்செய்தி வரும். அச்சகத்தின் சுமை அறிஞரின் தோளுக்கு மாறியதென்பதும் மெய்யே. இரண்டு பக்கக் கடிதத்துக்கு இதனை நாடுவது வீண்சிரமம்.

குனூத் இந்நிரலை எவருக்கும் இலவசமாகவே வழங்கினார். கணிதரும் பௌதிகரும் இன்று தம் கட்டுரைகளைப் பெரும்பாலும் இதிலேயே எழுதுகின்றனர். 1990 இல் இனிப் புதுமை சேர்ப்பதில்லை, பிழை மட்டுமே திருத்தப்படும் என அவர் வரையறுத்தார். திருத்தந்தோறும் அதன் பதிப்பெண் 'பை' யின் பெறுமானத்தை ஓரிலக்கம் நெருங்குகிறது.

அவர் ஒதுக்கிவைத்த நூலோ காத்திருந்தது. நான்காம் பாகத்தின் முதற் பிரிவு 2011 இலும் இரண்டாம் பிரிவு 2022 இலும் வெளிவந்தன. எஞ்சியவை இன்னும் வரவில்லை.