யாரை அதிகம் என்கிறார்கள்?



'பூமி இனித் தாங்காது' என்ற பேச்சை இப்போது அடிக்கடி கேட்கிறோம். 2022 நவம்பரில் உலக மக்கள்தொகை 800 கோடியைத் தொட்டதாக ஐ.நா. அறிவித்தது. அடுத்த ஆண்டே இந்தியா சீனாவை முந்தியது. மனிதர்கள் பெருகிவிட்டார்கள், முன்னைவிட அதிக நாள் வாழவும் செய்கிறார்கள், மண்ணும் நீரும் கெட்டது அதனால்தான் என்கிறார்கள். இந்தப் பேச்சை நாம் நிற்கிற மண்ணிலேயே வைத்துச் சோதித்துப் பார்ப்போம்.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டிலேயே மக்கள்தொகை குறைந்த மாவட்டம் பெரம்பலூர்தான்: 5,65,223 பேர். அரியலூரில் 7,54,894 பேர். சதுர கிலோமீட்டருக்கு மாநிலச் சராசரி 555 பேர் என்றால், நம் இரண்டு மாவட்டங்களும் 400ஐக்கூடத் தொடவில்லை. ஆள் பெருத்தால்தான் மண் கெடும் என்பது உண்மையானால், இங்கே மண் செழிப்பாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அரியலூரைச் சுற்றி நாம் பார்ப்பது என்ன? சுண்ணாம்புக்கல் சுரங்கம், தோண்டி முடித்து விட்டுப்போன பள்ளம், வரிசைகட்டிப் போகும் லாரி, கூரையிலும் பயிரிலும் படியும் புழுதி. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அந்தக் கடலின் சிப்பியும் கிளிஞ்சலும் கல்லாகிக் கிடந்ததைத்தான் வெட்டி எடுக்கிறார்கள். சாத்தனூர் கல்மரத்தை வேலிபோட்டுக் காக்கிறோம். அந்தக் காலத்துக் கல்லைச் சூளையில் போட்டு எரிக்கிறோம்.

சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் அதற்குள் அடைந்திருக்கும் கரியமில வாயு வெளியேறும். சிமெண்ட் தயாரிப்பில் வரும் கரியமில வாயுவில் பாதிக்கு மேல் இப்படிக் கல்லிலிருந்தே வருகிறது. எரிபொருளின் பங்கு அதற்குப் பிறகுதான். மனிதர்கள் வெளியேற்றும் மொத்தக் கரியமில வாயுவில் சிமெண்டின் பங்கு சுமார் 7, 8 விழுக்காடு. நம் தொகுப்பு வீட்டிலும் சிமெண்ட் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மழைக்கு ஒழுகும் அந்த ஒற்றை அறைக்கு எத்தனை மூட்டை போயிருக்கும் என்று கட்டிய கொத்தனாரைக் கேளுங்கள். நிலத்தைப் பட்டாதாரரிடம் ஆலை விலைபேசி வாங்கும்போது, தலைமுறையாக அதில் களை பறித்தவருக்கும் கடலை ஆய்ந்தவருக்கும் அந்தப் பேரத்தில் இடமே இல்லை. வேலையும் போய், புழுதியும் வந்து சேர்ந்தவர் அவர்தான்.

ஆனால் 'கூட்டம்' என்றவுடன் எல்லோர் கண்ணும் சேரிக்குத்தான் போகிறது. அங்கே நெருக்கம் இருப்பது உண்மை. இரண்டு மூன்று சென்ட் மனையில் மூன்று தலைமுறை குடியிருந்தால் நெருக்கமில்லாமல் என்ன இருக்கும்? 1892இல் பிறந்த அரசாணையால் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். அது கையில் இருந்திருந்தால் இந்த நெருக்கம் இருந்திருக்காது. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025இல் அறிவித்தார்கள். நல்லது. மனையின் அளவு அதே சென்ட்தான்.

பால் எர்லிக் என்ற அமெரிக்க அறிவியலாளர் 1968இல் எழுதிய மக்கள்தொகை குண்டு பற்றிய நூல், டெல்லியில் டாக்சிக்குள் இருந்தபடி அவர் கண்ட ஏழைகளின் கூட்டத்தோடுதான் தொடங்குகிறது. அவருக்கு முன்பே நம்மவர்கள் அந்த வேலையைத் தொடங்கியிருந்தார்கள். 1951 கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஆர்.ஏ. கோபாலசாமி, மூன்று பிள்ளை பெற்றவள் மேலும் பெறுவதைப் 'பொறுப்பற்ற மகப்பேறு' என்று வகைப்படுத்தினார். அறுவை செய்துகொண்டால் பணம் தரும் திட்டத்திற்கு நாட்டிலேயே முன்னோடி சென்னை மாநிலம். அன்று அந்தப் பணத்துக்காக யார் போய் நின்றிருப்பார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. நெருக்கடி நிலையின்போது, 1976–77 என்ற ஓராண்டில் மட்டும் நாடு முழுக்க 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள்.

அதனால் கருத்தடையே நமக்கு எதிரி என்று ஆகாது. 1938 நவம்பரில் பம்பாய் சட்டமன்றத்தில் கருத்தடைக்கு ஆதரவாக வந்த தீர்மானத்தின் பின்னால் இருந்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். அவர் சார்பில் முன்மொழிந்தவர் பி.ஜே. ரோகம். தீர்மானம் தோற்றது. பெரியார் இன்னும் ஒரு படி மேலே போனார். மற்றவர்கள் நாட்டின் வறுமைக்காகவும் உடல்நலத்துக்காகவும் கருத்தடை கேட்கிறார்கள், நாம் கேட்பது பெண்ணின் விடுதலைக்காக என்று பிரித்துக் காட்டினார். அந்த வேறுபாட்டை நாம் விட்டுவிட்டோம். இன்று தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவை நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.

இப்போது காற்று திசை மாறியிருக்கிறது. 2019–21 குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளை. தொகுதி மறுவரையறையில் நம் இடங்கள் குறையும் என்ற அச்சம் வந்தவுடன், பதினாறு பெற்றால் என்ன என்று திருமண மேடையில் முதல்வரே 2024இல் கேட்டார். கூட்டாட்சி உரிமைக்காக நானும் தெருவில் நிற்பேன். ஆனால் அதற்காக மறுபடியும் பெண்ணின் வயிற்றிலா கைவைப்பது? நேற்று குறைத்துப் பெறு என்றார்கள், இன்று கூட்டிப் பெறு என்கிறார்கள். இரண்டு முறையும் அவளை யாரும் கேட்கவில்லை.

நீண்ட ஆயுள் பற்றியும் பேசவேண்டும். விடுதலையின்போது 32 ஆக இருந்த சராசரி ஆயுள் இன்று 70ஐ ஒட்டி நிற்கிறது. எல்லோருக்கும் ஒரே ஆயுளா? ஒன்பது வட, கிழக்கு மாநிலங்களின் தரவை ஆராய்ந்து 2022இல் வெளியான ஓர் ஆய்வு, உயர்சாதி இந்துக்களைவிடத் தலித்துகளின் ஆயுள் 3 ஆண்டுக்கு மேலும் பழங்குடிகளின் ஆயுள் 4 ஆண்டுக்கு மேலும் குறைவு என்றது. வறுமையைக் கழித்துப் பார்த்த பிறகும் இடைவெளி முழுதும் மறையவில்லை. முதியோர் பூமிக்குப் பாரம் என்பவர்கள், மாதம் 1,200 ரூபாய் ஓய்வூதியத்தில் ரேஷன் அரிசி சாப்பிடும் நம் ஆயா பூமியிலிருந்து எதை எடுத்துக்கொண்டாள் என்று சொல்லட்டும். 1990 முதல் 2015 வரை வெளியான கரியமில வாயுவில் 52 விழுக்காடு, உலகின் மேல்தட்டுப் பத்து விழுக்காட்டினருடையது என்று ஆக்ஸ்பாம் கணக்கிட்டது. கீழ்ப்பாதி மக்களின் பங்கு வெறும் 7.

2027 கணக்கெடுப்பில் சாதியையும் எண்ணப்போகிறார்கள். தலையை எண்ணும்போதே நிலத்தையும் எண்ணும் வேலையை நாம் எடுத்துக்கொள்ளலாம். மாணவர்கள் ஊருக்கு இருவர் போதும். வட்டாட்சியர் அலுவலகத்தில் தகவல் உரிமை மனு போட்டு 'அ' பதிவேட்டின் நகலை வாங்குங்கள். டி.சி. நிலம் என்று குறித்திருக்கும் புல எண்களைத் தனியே எழுதுங்கள். அவற்றில் எத்தனை இன்று சுரங்கத்துக்குள், எத்தனை வேறு சாதியார் பெயரில் என்று நேரில் போய்ப் பாருங்கள். பக்கத்திலேயே சேரியின் வீடுகளையும், வீட்டுக்கு எத்தனை பேர் என்பதையும் குறியுங்கள். செந்துறை, ஆலத்தூர், குன்னம் வட்டங்களில் தொடங்கலாம்.